செல் வளர்ப்பு லேபும் ஒரு கண்மாய்தான்!

கோச்சடையில் இருந்து காளவாசல் வந்து தேனி சாலையைப் பிடித்தால், நாகமலை புதுக்கோட்டை தாண்டி மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வந்துவிடும். 1966ல் தொடங்கிய பல்கலைக்கழகம். பயோடெக்னாலஜி என்ற வார்த்தையே பலருக்குப் புதிதாக இருந்த 1980களிலேயே, மத்திய அரசு ஆதரவோடு அந்த முதுகலைப் படிப்பைத் தொடங்கிய முதல் சில பல்கலைக்கழகங்களில் இதுவும் ஒன்று. மதுரைக்காரர்களுக்கே இது முழுசாகத் தெரியாது என்பது தனிக்கதை.

நம் ஊரில் ஆராய்ச்சி பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "நல்ல மெஷின் இல்லீங்க, வெளிநாட்டுல எல்லாம் இருக்கு." பாதி உண்மை. மீதிப் பாதி, மெஷின் வந்த பிறகு நடப்பது. யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் காசில்லாமல் நின்ற கதை பல கல்லூரிகளில் நடக்கிறது. அதற்குச் சரியான உதாரணம், பல பேர் சேர்ந்து பயன்படுத்தும் செல் வளர்ப்பு ஆய்வகம். இது அறிவியல் மாணவர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் மட்டும் இல்லை. கணக்குப் படித்தவர்களும் மூக்கை நுழைக்க வேண்டிய விஷயம்.

அது என்ன செல் வளர்ப்பு?

மனிதர் அல்லது விலங்கின் உடம்பில் இருந்து எடுத்த செல்களை பிளாஸ்டிக் ஃபிளாஸ்கில் உயிரோடு வளர்ப்பது. புற்றுநோய்க்கு ஒரு மருந்து வேலை செய்யுமா, ஒரு மூலிகைச் சாறு செல்லைக் கொல்லுமா என்று முதலில் பார்ப்பது இங்கேதான். செல்லுக்கு 37 டிகிரி வெப்பம் வேண்டும், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு வேண்டும், ஈரப்பதம் வேண்டும். இதையெல்லாம் கொடுப்பது இன்குபேட்டர். சாப்பாடு, மீடியம் என்ற சிவப்பு நிற திரவம். அதில் பெரும்பாலும் 10 சதவீதம் அளவுக்கு கன்றுக்கரு சீரம் கலப்பார்கள். வேலை செய்வது பயோசேஃப்டி கேபினெட்டுக்குள். உபரி செல்கள் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் தூங்கும்.

கைக்குழந்தை வளர்ப்பது மாதிரிதான். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி லீவு எதுவும் செல்லுக்குத் தெரியாது. சனிக்கிழமை ராத்திரி கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் காலியானால், திங்கட்கிழமை காலையில் மீடியம் சிவப்பு போய் அடர் ரோஸ் நிறத்தில் நிற்கும். காரத்தன்மை ஏறிவிட்டது என்று அர்த்தம். சிலிண்டர் மாற்றும் முறை யாருடையது என்று சுவரில் எழுதி வைக்காததால் ஆறு பேருடைய மூன்று வார வேலை போகும்.

ஒருத்தர் தப்பு, எல்லோருக்கும் நஷ்டம்

பொது லேபில் விதி எதற்கு என்று கேட்பவர்கள் மைக்கோபிளாஸ்மா பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். இது ஒரு வகை பாக்டீரியா. இதற்குச் செல்சுவர் கிடையாது. அதனால் செல்சுவரைத் தாக்கும் பென்சிலின் இதை ஒன்றும் செய்யாது. மிகச் சிறியது என்பதால் சில வடிகட்டிகளைக்கூடத் தாண்டிவிடும். சாதாரண பாக்டீரியா வந்தால் மீடியம் கலங்கி மஞ்சளாகி மாட்டிக்கொள்ளும். இது கலங்க வைக்காது. செல் உயிரோடு இருக்கும், வளரும், ஆனால் அதன் நடத்தை மாறியிருக்கும். சோதனை செய்து பார்க்காதவரை யாருக்கும் தெரியாது. ஒருத்தர் ஃபிளாஸ்கில் வந்தது, பொதுவான மீடியம் பாட்டில் வழியாகவும், கேபினெட் வழியாகவும் பத்துப் பேர் ஃபிளாஸ்குக்குப் போகும். பத்துப் பேரும் தீசிஸ் எழுதி முடித்திருப்பார்கள்.

இன்னொரு பிரச்சனை, செல்லே மாறிப்போவது. 1951ல் அமெரிக்காவில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கர்ப்பப்பை வாய்ப் புற்றில் இருந்து, அவரிடம் அனுமதி கேட்காமலே எடுத்த செல்கள்தான் ஹீலா. (அந்தக் குடும்பம் தொடர்ந்த வழக்கில் ஒரு பெரிய கம்பெனி 2023ல்தான் சமரசத்துக்கு வந்தது. அது தனியாக எழுத வேண்டிய கதை.) ஹீலா வளரும் வேகம் அப்படி. ஒரு துளி தவறிப் பக்கத்து ஃபிளாஸ்கில் விழுந்தால், கொஞ்ச நாளில் அங்கே ஹீலா மட்டும்தான் இருக்கும். 1966ல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற விஞ்ஞானி, வேறு வேறு பெயரில் உலகம் முழுக்கப் பயன்பட்ட 18 செல் வகைகள் உண்மையில் ஹீலாதான் என்று காட்டினார். யாரும் அதைக் கேட்டு சந்தோஷப்படவில்லை! 2017ல் வந்த ஒரு ஆய்வு, இப்படி அடையாளம் மாறிய செல்களை வைத்து எழுதிய கட்டுரைகள் 32,755 என்று எண்ணிச் சொன்னது.

இதற்குத் தடுப்பு என்ன? ராக்கெட் சயின்ஸ் ஒன்றும் இல்லை. ஒரு நேரத்தில் கேபினெட்டில் ஒரு வகை செல் மட்டும். ஒவ்வொருத்தருக்கும் தனி மீடியம் பாட்டில், அதில் பெயர், தேதி. வெளியில் இருந்து வரும் செல்லைச் சோதித்த பிறகே பொது இன்குபேட்டருக்குள் விடுவது. செல்லை நண்பரிடம் கடன் வாங்காமல், புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையம் போன்ற இடத்தில் முறையாக வாங்குவது. வேலை முடிந்ததும் 70 சதவீத ஆல்கஹாலால் துடைப்பது. கழிவை 2016ம் வருட உயிர்மருத்துவக் கழிவு விதிப்படி நிறம் பார்த்துப் பையில் போடுவது. அவ்வளவுதான். ஆனால் இந்த "அவ்வளவுதான்" எல்லோரும், எல்லா நாளும் செய்தால்தான் பலன். பத்தில் ஒன்பது பேர் ஒழுங்காக இருந்தால் 90 சதவீதப் பாதுகாப்பு கிடைக்கும் என்று நினைத்தால் கணக்கு தப்பு. மீதி ஒருத்தர் போதும்.

சீரம் பாட்டிலின் கணக்கு

இப்போது சரக்குக்கு வருவோம். அரை லிட்டர் மீடியத்துக்கு 50 மில்லி சீரம். 500 மில்லி சீரம் பாட்டில் ஒன்று வாங்கினால் பத்து முறை கலக்கலாம். சீரம்தான் லேபில் வாங்கும் விலை உயர்ந்த பொருள்களில் ஒன்று. நல்லது பெரும்பாலும் இறக்குமதி. உறைந்த நிலையிலேயே வந்து சேர வேண்டும். ஒருத்தர் உருக்கி, மீண்டும் உறைய வைத்து, இன்னொருத்தர் மறுபடி உருக்கினால் தரம் போய்விடும். வாங்கியதும் 50 மில்லியாகப் பிரித்து உறைய வைத்தால் இந்தப் பிரச்சனையே இல்லை. செலவு பத்து டியூப், கொஞ்சம் பொறுமை.

அரசாங்கம் இதில் எங்கே வருகிறது? ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் என்ற சலுகை இருந்தது. 2022 ஜூலை 18ல் அதை எடுத்துவிட்டார்கள். 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக ரசாயனங்களின் சுங்க வரியை 10 சதவீதத்தில் இருந்து 150 சதவீதம் ஆக்கினார்கள். விஞ்ஞானிகள் கூச்சல் போட்ட பிறகு, சில நாளிலேயே ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும் பழைய 10 சதவீதத்துக்கே கொண்டுவந்தார்கள். யாரோ தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று போட்ட வரி, முதலில் விழுந்தது ஆராய்ச்சி மாணவன் தலையில்.

இதோடு நம் பல்கலைக்கழகங்களின் பண நிலைமையையும் சேர்த்துப் பாருங்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் 2024ல் சம்பளமே தாமதமாகி ஊழியர்கள் போராடியது பத்திரிகைகளில் வந்த செய்தி. சம்பளத்துக்கே தட்டுப்பாடு என்றால் சீரத்துக்கு எங்கே போவது? அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு பாட்டில் வீணாவது சாதாரண விஷயம் இல்லை.

பி.காம் இரண்டாம் வருடக் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் ஸ்டோர்ஸ் லெட்ஜர், பின் கார்டு, மறு ஆர்டர் அளவு என்று ஒரு பாடம் வரும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்துவிடும் பாடம். அதைத் தூசி தட்டிப் பொது லேபில் வைத்தால் பாதிப் பிரச்சனை தீரும். முதலில் வந்ததை முதலில் எடு என்பது கடைச் சரக்குக்கு. இங்கே, முதலில் காலாவதி ஆவதை முதலில் எடு. சீரம் கடைசி இரண்டு டியூபுக்கு வந்த பிறகு ஆர்டர் போட்டால், கொட்டேஷன், கையெழுத்து, சப்ளை என்று எல்லாம் முடிவதற்குள் செல் செத்துப்போகும். எத்தனை வாரம் ஆகும் என்று பார்த்து, அத்தனை வாரத்துக்கான சரக்கு இருக்கும்போதே ஆர்டர் போட வேண்டும்.

இலவசமா, கட்டணமா?

இங்கேதான் சண்டை. "பொதுப் பணத்தில் வாங்கியது, மாணவனுக்கு இலவசமாகத்தான் கொடுக்க வேண்டும்" என்பது ஒரு கட்சி. "காசு கொடுப்பவன் மட்டும் வரட்டும்" என்பது இன்னொரு கட்சி. இரண்டும் தப்பு.

பொதுவானது என்றால் எல்லோரும் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று 1968ல் காரெட் ஹார்டின் எழுதினார். அப்படி ஒன்றும் கட்டாயம் இல்லை, மக்கள் தாங்களே விதி வைத்துக் காப்பாற்றியும் இருக்கிறார்கள் என்று உலகம் முழுக்க உதாரணம் தேடிக் காட்டினார் எலினோர் ஆஸ்ட்ரம். 2009ல் பொருளாதார நோபல் வாங்கிய முதல் பெண்மணி.

அந்த உதாரணத்துக்கு கோச்சடைக்காரர்கள் அமெரிக்கா போக வேண்டாம். பக்கத்தில் மாடக்குளம் கண்மாய் இருக்கிறது. தென் மாவட்டக் கண்மாய்ப் பாசனத்தில் நீர்பாய்ச்சி, நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று மடையைத் திறப்பது அவர். எவ்வளவு பெரிய பண்ணையாராக இருந்தாலும் தன் வயலுக்குத் தானே மடை திறக்கக் கூடாது. அவருக்குக் கூலி, அறுவடையில் நெல்லாக எல்லோரும் கொடுப்பார்கள். வரத்துக்கால் தூர்வாரக் குடும்பத்துக்கு ஒரு ஆள் வர வேண்டும். தண்ணீர் குறைந்த வருடம் முறை வைத்துப் பங்கு. அந்த ஏற்பாட்டில் சாதிக் கொடுமையும் இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் மூன்று விஷயம் சரியாக இருந்தது. விதி எல்லோருக்கும் தெரியும். அதைச் செயல்படுத்த ஒரு ஆள் உண்டு. பயன் பெறுபவர் ஏதாவது ஒன்று கொடுக்க வேண்டும்.

பொது லேபில் இந்த மூன்றும் இருக்கிறதா?

விதி ஆங்கிலத்தில் பதினாறு பக்கம் ஃபைலில் தூங்கினால் இருக்கிறது என்று சொல்ல முடியாது. லேப் அசிஸ்டென்ட் ஒரு பேராசிரியரின் மாணவனைப் பார்த்து "கையுறை மாற்றிட்டு வாங்க தம்பி" என்று சொல்லப் பயப்பட்டால், அங்கே நீர்பாய்ச்சி இல்லை. யார் எவ்வளவு எடுத்தார்கள் என்ற நோட்டே இல்லை என்றால் பங்கும் இல்லை.

என்ன செய்யலாம்?

1. நிலையான செலவையும் மாறும் செலவையும் பிரிக்க வேண்டும். இன்குபேட்டர், கேபினெட், அவற்றின் பராமரிப்பு, கரண்ட் எல்லாம் நிறுவனத்தின் செலவு. சீரம், மீடியம், ஃபிளாஸ்க் எல்லாம் பயன்படுத்துபவரின் கணக்கு.

2. அந்தக் கணக்கு மாணவன் பாக்கெட்டில் இருந்து போகக் கூடாது. அவருடைய கைடின் புராஜெக்ட் நிதியில் இருந்து போக வேண்டும். நிதி இல்லாத மாணவருக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு இலவச ஒதுக்கீடு. அதற்குப் பதிலாக வாரம் ஒரு நாள் லேப் வேலை. தண்ணீர்த் தட்டு கழுவுவது, சிலிண்டர் பார்ப்பது, நைட்ரஜன் அளவு எழுதுவது. தூர்வார ஆள் அனுப்புவது மாதிரி.

3. விலைப்பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டும். ஒரு டியூப் சீரம் என்ன விலை என்று கண்ணால் பார்த்தவர் கீழே கொட்ட யோசிப்பார்.

4. முக்கியமான விதிகள் ஒரே பக்கத்தில், தமிழில். சுத்தம் செய்ய வரும் அம்மாவுக்கும் அது புரிய வேண்டும். நைட்ரஜன் கசிந்தால் அறையில் ஆக்சிஜன் குறையும், மூச்சு முட்டும், கதவைத் திறந்து வெளியேற வேண்டும் என்பது அவர் உயிர் சம்பந்தப்பட்டது. அவருக்குப் புரியாத மொழியில் எழுதி என்ன பயன்?

5. மாதம் ஒரு முறை எல்லோர் செல்லுக்கும் மைக்கோபிளாஸ்மா சோதனை. துறைத் தலைவரின் செல் உட்பட! தொற்று இருக்கிறது என்று தானே வந்து சொல்பவருக்குத் தண்டனை கூடாது. மறைத்தவருக்கு மட்டும் இடைநிறுத்தம். சொன்னால் திட்டு விழும் என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள், எல்லோரும் சேர்ந்து மூழ்குவார்கள்.

"காசு, கணக்கு என்று ஆரம்பித்தால் ஏழை மாணவன் வெளியே நிற்பான்" என்று சிலர் சொல்லலாம். நியாயமான பயம். ஆனால் இப்போது மட்டும் அவன் உள்ளே இருக்கிறானா? கணக்கில்லாத இலவசத்தில் முதலில் ஜெயிப்பவன் சாவி வைத்திருப்பவனுக்கு வேண்டியவன். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சின்னக் கல்லூரியில் எம்.எஸ்ஸி படிக்கும் பெண்ணுக்குப் பல்கலைக்கழக லேபில் யாரையும் தெரியாது. அவள் கடைசியில் சாம்பிளைத் தனியார் லேபுக்குக் காசு கொடுத்து அனுப்பி, வந்த கிராஃபைத் தீசிஸில் ஒட்டுவாள். செல்லைக் கண்ணால் பார்க்காமலே பட்டம் வாங்குவாள். எழுதிய விதியும், திறந்த முன்பதிவு நோட்டும், தெரிந்த விலையும் இருந்தால் அவள் கேட்டு வாங்க ஒரு பிடி கிடைக்கும். சிபாரிசு இல்லாதவனுக்கு ஒரே சிபாரிசு, எழுதிய விதிதான்.

நாடு முழுக்க எந்த நிறுவனத்தில் என்ன ஆய்வுக் கருவி இருக்கிறது, எப்படி முன்பதிவு செய்வது என்று காட்ட மத்திய அரசு 2020 ஜனவரியில் ஐ-ஸ்டெம் என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. நல்ல விஷயம். ஆனால் கருவி இருக்கும் இடம் தெரிந்தால் மட்டும் போதாது. போய் நின்றால் சிலிண்டரில் கேஸ் இருக்க வேண்டும், ஃப்ரீசரில் சீரம் இருக்க வேண்டும், இன்குபேட்டர் சுத்தமாக இருக்க வேண்டும். அதற்கு டெல்லியில் இருந்து யாரும் வர மாட்டார்கள். லேபில் இருப்பவர்கள்தான் நோட்டு போட வேண்டும்.

கோடி ரூபாய் மெஷின் கேட்டு மனு எழுதுவதற்கு முன், நாற்பது ரூபாய்க்கு ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கலாம். உங்கள் கல்லூரி லேபில் அந்த நோட்டு இருக்கிறதா? கடைசியாக யார், எந்தத் தேதியில் எழுதியிருக்கிறார்கள் என்று நாளைக்குப் போய்ப் பாருங்கள்.