கருப்பை வாய்ப் புற்றுநோய் பரவுமா? பயாப்ஸி ரிப்போர்ட் சொல்வதும் சொல்லாததும்

‘பி16 பாசிட்டிவ்’, ‘கேஐ-67 அதிகம்’. கருப்பை வாய் பயாப்ஸி ரிப்போர்ட்டில் இந்த வரிகளைப் பார்த்ததுமே, ‘அப்போ நோய் பரவிடுச்சா?’ என்ற பயம் வந்துவிடுகிறது. ஆனால் அந்த வரிகளுக்கு அர்த்தம் அது இல்லை. பரவல் பற்றிய தகவல் பெரும்பாலும் வேறு வரிகளில்தான் இருக்கிறது.

தஞ்சாவூர் மாவட்டத்துக்கு இந்த நோய்க்கான பரிசோதனை புதிது இல்லை. தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் 2007-ல் கருப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது 2 மாவட்டங்களில்தான். ஒன்று தேனி, இன்னொன்று தஞ்சாவூர். அதன் பிறகே மாநிலம் முழுவதும் விரிவடைந்தது. ஆனால் பரிசோதனைக்கு அடுத்த கட்டமான திசு ரிப்போர்ட்டை எப்படிப் புரிந்துகொள்வது? விரிவாகப் பார்க்கலாம்.

பரவல் ஏன் இவ்வளவு முக்கியம்?

2022-ம் ஆண்டுக்கான உலகளாவிய புற்றுநோய் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஒரே ஆண்டில் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்தது. சுமார் 80 ஆயிரம் பேர் உயிரிழந்தனர்.

உயிர் பிழைப்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பரவல்தான். அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, நோய் கருப்பை வாயிலேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் 100-ல் சுமார் 90 பேர் 5 ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். பக்கத்து உறுப்புகளுக்கோ நிணநீர் முடிச்சுகளுக்கோ போய்விட்டால் அது சுமார் 60 ஆகிறது. தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் போய்விட்டால் சுமார் 20 மட்டுமே.

இன்னொரு காரணமும் உண்டு. பரவாத சின்னக் கட்டிக்கு ஆபரேஷன் போதும். பரவியிருந்தால் ரேடியேஷனும் கீமோதெரபியும்தான் முதன்மைச் சிகிச்சை. ஆபரேஷன் முடிந்த பிறகு பரவல் தெரியவந்தால் ரேடியேஷனும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். பக்கவிளைவுகள் கூடும். இதை முன்கூட்டியே கணிக்க முடிந்தால் ஒரு பெண் இரட்டைச் சிகிச்சையின் சுமையிலிருந்து தப்பலாம். திசு மார்க்கர் ஆராய்ச்சிகள் நடப்பது இதற்காகத்தான்.

திசு மார்க்கர்னா என்ன?

பயாப்ஸியில் எடுத்த சிறு சதைத் துண்டை ஃபார்மலினில் போட்டு, பிறகு மெழுகில் பதித்து ‘பிளாக்’ ஆக்குகிறார்கள். அதிலிருந்து மெல்லிய சீவல்கள் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது வழக்கமான பரிசோதனை. அதே சீவலில் ஒரு குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று தேடுவதுதான் மார்க்கர் பரிசோதனை. அந்தப் புரதம் இருக்கும் இடம் மட்டும் பொதுவாகப் பழுப்பு நிறமாகத் தெரியும்.

பி16, கேஐ-67 சொல்வது என்ன?

ஏறக்குறைய எல்லா கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் காரணம் ஹெச்.பி.வி. வைரஸ். இதைக் கண்டறிந்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரஸ் செல்லின் கட்டுப்பாட்டைக் கெடுக்கும்போது பி16 என்ற புரதம் செல்லில் குவிகிறது. ஆக, பி16 பாசிட்டிவ் என்பது ‘இது வைரஸ் செய்த வேலை’ என்பதற்கான தடயம். பரவியதற்கான சாட்சி அல்ல. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தை உறுதி செய்யவும் இதே டெஸ்ட்தான் பயன்படுகிறது.

சொல்லப்போனால், வைரஸ் தொடர்பில்லாத, பி16 நெகட்டிவ் ஆன கட்டிகள்தான் பொதுவாகக் கூடுதல் ஆபத்தானவை. உலக சுகாதார அமைப்பின் 2020 வகைப்பாடே இந்த நோயை ‘ஹெச்.பி.வி. தொடர்புடையது, தொடர்பில்லாதது’ என இரண்டாகப் பிரிக்கிறது.

கேஐ-67 என்பது பெருகிக்கொண்டிருக்கும் செல்களில் காணப்படும் புரதம். புற்றுநோயில் அது அதிகமாக இருப்பது எதிர்பார்க்கக்கூடியதே. வேகமாக வளர்கிறது என்று சொல்லும். எங்கே போகும் என்று சொல்லாது.

பரவலைக் கணிக்கும் மார்க்கரே இல்லையா?

ஆராய்ச்சிகள் நிறைய நடந்திருக்கின்றன. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஈ-கெதரின் குறைந்தால் செல்கள் பிரிந்து கிளம்புவது எளிதாகிறது. விஇஜிஎஃப் என்ற புரதம் கட்டிக்குப் புது ரத்தக் குழாய்களை வரவழைக்கிறது. இவை நிணநீர் முடிச்சுப் பரவலோடு சேர்ந்து காணப்படுவதாகப் பல ஆய்வுகள் காட்டின.

சிக்கல் என்னவென்றால், பல ஆய்வுகளில் நோயாளிகள் எண்ணிக்கை குறைவு. எவ்வளவு நிறம் வந்தால் ‘அதிகம்’ என்பதற்கும் ஆளுக்கொரு அளவுகோல். முடிவுகளும் ஒன்றுபோல் வருவதில்லை. அதனால் ‘இந்த மார்க்கர் இருந்தால் பரவும், இல்லாவிட்டால் பரவாது’ என்று டாக்டர்கள் நம்பி முடிவெடுக்கும் ஒற்றை மார்க்கர் இன்றைக்கும் இல்லை.

அப்போ டாக்டர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

பெரும்பாலும் வழக்கமான மைக்ராஸ்கோப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் தெரியும் 4 விஷயங்களை:

- கட்டியின் அளவு: 2 செ.மீ., 4 செ.மீ. ஆகியவை முக்கியமான எல்லைக்கோடுகள்.
- ஊடுருவிய ஆழம்: 3 மி.மீ.க்குள் இருந்தால் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.
- குழாய்களுக்குள் புற்றுநோய் செல்கள்: ரிப்போர்ட்டில் ‘எல்.வி.எஸ்.ஐ.’ என்று இருக்கும். நிணநீர்க் குழாய்க்குள் செல் நுழைந்துவிட்டது என்றால் பரவும் பாதை திறந்துவிட்டது என்று அர்த்தம். இது தெளிவாகத் தெரியாதபோது, நிணநீர்க் குழாயின் சுவரைக் காட்டும் டி2-40 என்ற மார்க்கர் உதவும்.
- நிணநீர் முடிச்சு: 2018-ல் ஃபிகோ என்ற பன்னாட்டு மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு விதிகளை மாற்றியது. அதன்படி, கட்டி சின்னதாக இருந்தாலும் முடிச்சில் புற்றுநோய் இருந்தால் குறைந்தது 3-ம் நிலை.

சிகிச்சையை மாற்றும் மார்க்கர்

பரவலைக் கணிக்காவிட்டாலும், மருந்தைத் தேர்வு செய்ய உதவும் மார்க்கர் ஒன்று இருக்கிறது. அது பிடி-எல்1. திரும்பி வந்த அல்லது பரவிய நோயில் இது பாசிட்டிவ் என்றால், பெம்ப்ரோலிசுமாப் என்ற நோய் எதிர்ப்பு மருந்து பலன் தரலாம். இதற்கு அமெரிக்கா 2018-ல் அனுமதி கொடுத்தது. ஆனால் மருந்தின் விலை மிக அதிகம். சாதாரணக் குடும்பத்துக்கு அது கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

திருக்காட்டுப்பள்ளிப் பெண்ணுக்கு இதில் என்ன இருக்கு?

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் சுமார் 25 கி.மீ. ஊர் அளவில் நடக்கும் முதல் பரிசோதனை எளிமையானது. கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரிந்தால் அடுத்தது பெரிய மருத்துவமனையில் கால்போஸ்கோப்பி, தேவைப்பட்டால் பயாப்ஸி.

இந்த இரண்டாவது படியில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். வலி இல்லை, நடவு நேரம், ஒரு நாள் கூலி போய்விடும் என்று தள்ளிப்போடுவது வழக்கம். திசுவே எடுக்காவிட்டால் எந்த மார்க்கராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

எளிய பரிசோதனையே உயிர்காக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற நர்சுகள் இதே அசிட்டிக் அமிலப் பரிசோதனையைச் செய்தார்கள். அந்த ஆய்வின் முடிவு 2007-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது. பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்த நோயால் ஏற்படும் மரணம் 35% குறைந்திருந்தது.

ரிப்போர்ட் கைக்கு வந்தால் என்ன செய்யணும்?

- பி16, கேஐ-67 வரிகளை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ‘எந்த நிலை? எல்.வி.எஸ்.ஐ. இருக்கா? முடிச்சில் இருக்கா?’ என்று டாக்டரிடம் கேளுங்கள்.
- வேறு மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால் பிளாக், ஸ்லைடு இரண்டையும் கேட்டு வாங்குங்கள். மார்க்கர் டெஸ்டை அதே பிளாக்கில் செய்யலாம். பல நேரங்களில் மறுபடி சதை எடுக்கத் தேவை இருக்காது.
- முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைகளும் உண்டு. காப்பீட்டு அட்டையோடு போங்கள்.
- மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, உடலுறவுக்குப் பின் ரத்தக்கசிவு, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் இருந்தால் அடுத்த முகாம் வரை காத்திருக்க வேண்டாம்.
- எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், 30 வயதைத் தாண்டிய பெண்கள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பரவுமா என்ற கேள்வியே எழாத கட்டத்தில் நோயைப் பிடிக்க அதுதான் வழி.