பத்து அங்குலம் போதும்

கராஜில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற எங்கட வயது அப்பா அம்மாமாருக்கு ஒரு பொதுத் தொல்லை உண்டு: முழங்கால். செயின் துடைக்க, எண்ணெய் மாற்ற, பிரேக் பார்க்க, எல்லாத்துக்கும் குளிர்ந்த சிமெந்துத் தரையில் குந்த வேண்டும். ஊரில் ஓடிய சின்ன வண்டிகளில் நடு ஸ்ராண்ட் இருந்தது. காலால் ஒரு மிதி, பின்சில்லு அந்தரத்தில் நிற்கும். இங்கே விற்கிற பல வண்டிகளில் சைட் ஸ்ராண்ட் மட்டும்தான்.

கடையில் விற்கிற ஹைட்ரோலிக் மேசை நல்ல சாமான்தான். ஆனால் கராஜில் பாதியை அது பிடித்துவிடும். வீட்டில் செய்து பார்க்கிறவர்களும் அதைப் பார்த்துத்தான் இடுப்பளவுக்கு உயர்த்த நினைக்கிறார்கள். பிள்ளைகள் ஓடித் திரிகிற வீட்டுக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி. சென்னைக்குப் பக்கத்தில் செய்து உலகமெல்லாம் போகிற றோயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 இன் எடை 195 கிலோ. அது மூன்றடி உயரத்தில் சரியத் தொடங்கினால் பிடித்து நிறுத்த எந்த அப்பாவாலும் ஏலாது.

நான் சொல்லப்போவது தரையோடு இருக்கிற ஒரு மரமேடை. உயரம் 10 அங்குலம். வண்டியைத் தூக்குவதில்லை, உருட்டி ஏற்றுகிறோம். கசிய எண்ணெய் இல்லை, இறங்கிப்போக ஜக் இல்லை. பாரம் பலகை வழியாக நேரே தரைக்குப் போகிறது. சின்ன ஸ்டூல் ஒன்றில் இருந்தால் செயின் கைக்கு வாகாக வரும். பக்கத்தில் பிள்ளை நின்றபடியே எல்லாவற்றையும் பார்க்கலாம்.

முதல் வேலை மரக்கடைக்குப் போவதில்லை, வண்டியை அளப்பது. சைட் ஸ்ராண்டில் நிற்கும்போது சில்லுக்கும் ஸ்ராண்டின் பாதத்துக்கும் இடையில் எத்தனை அங்குலம்? மேடையின் அகலம் 2 அடி. சில்லு நடுவில் நின்றால் இடப்பக்கம் 12 அங்குலம்தான் மிச்சம். பாதம் விளிம்புக்குக் கிட்ட வந்தால் சில்லு ஓடும் பாதையை வலப்பக்கம் மூன்று அங்குலம் தள்ளிப் போடுங்கள். இதைப் பார்க்காமல் செய்த மேடையில் வண்டி நிற்க இடமிருக்காது.

மரம்: முக்கால் அங்குலத் தடிப்பில் 4×8 அடி பிளைவூட் ஒன்று, 8 அடி நீள 2×10 பலகை நாலு, சரிவுக்கு 2×6 பலகை மூன்று, ஒரு 2×4. பிளைவூட்டை நீளவாக்கில் இரண்டாக அரிந்து தரச் சொல்லுங்கள். பெரிய கடைகளில் செய்து தருவார்கள். ஒரு பாதி மேடையின் தட்டு. மற்றதில் 6 அடி சரிவுக்கு, மிஞ்சுகிற 2 அடிச் சதுரம் சாமான் வைக்கிற தட்டுக்கு. அந்தத் தட்டைப் பிள்ளையே செய்யட்டும்.

இனிக் கணக்கு. 2×10 என்று விற்கிற பலகையின் உண்மையான அளவு ஒன்றரைக்கு ஒன்பதேகால் அங்குலம். அதை நிமிர்த்தி வைத்து மேலே முக்கால் அங்குலத் தட்டைப் போட்டால் சரியாகப் பத்து. மூன்று பலகை நீளத்துக்குப் போகும்: இரண்டு ஓரத்தில், ஒன்று சில்லு ஓடும் பாதைக்கு நேர் கீழே. இந்த மூன்றாவதுதான் முக்கியம், அநேகமாக முழுப்பாரமும் அதன் மேல்தான். முன்னும் பின்னும் குறுக்குப் பலகை வருவதால் நீளப்பலகையை 96 இல்லை, 93 அங்குலத்துக்கு அரிய வேண்டும். நடுவில் இரண்டு வரிசை குறுக்குத் துண்டுகள். 24 இலிருந்து நாலரையைக் கழித்தால் பத்தொன்பதரை. அதைப் பாதையின் இரண்டு பக்கமும் பிரித்துப் போடலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பின்னக்கணக்கு வேறு எங்கே கிடைக்கும்? ஆனால் வாளும் மரத்தைத் தின்னும், அதனால் குறுக்குத் துண்டுகளை இடத்தில் வைத்து அளந்த பிறகே அரியுங்கள். மரை எல்லாம் மரவேலைக்கான நீள ஸ்குறூ; ஆணி வேண்டாம், ஆணி மெல்ல மெல்லக் கழன்று வரும்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளை "இறுக்கு", "தளர்த்து" என்று கொப்பியில் எழுதியிருக்கும். கையில் ஸ்பனர் இருக்கும்போது கேட்டால்தான் அந்தச் சொல் ஒட்டும். பிடி, தள்ளு, நிமித்து, மட்டம் பார், அங்கால விடு, இஞ்சால கொண்டு வா: கராஜில் ஒரு பின்னேரத்தில் வருகிற வினைச்சொற்கள் ஒரு தவணைப் பாடத்தில் வராது. அப்பப்பாவோ அம்மப்பாவோ வீட்டில் இருந்தால் அவரையும் ஒரு கதிரை போட்டு இருத்துங்கள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டின தலைமுறை அது. எங்களில் எத்தனை பேர் அதைப் பற்றி அவர்களிடம் விவரமாகக் கேட்டிருக்கிறோம்?

சரிவுக்கு வருவோம். விபத்து நடக்கிற இடம் அதுதான். 10 அங்குல ஏற்றத்துக்கு 6 அடி நீளம் என்றால் சாய்வு சுமார் 8 பாகை. இரண்டு பேர் ஆறுதலாகத் தள்ளலாம். பிளைவூட்டுக்குக் கீழே மூன்று 2×6 பலகையை நிமிர்த்திப் பூட்டி, தரை தொடுகிற முனைகளைச் சாய்வாக அரியுங்கள். மேடையின் முகப்பில் ஒரு 2×4 துண்டைக் குறுக்கே அடித்தால் சரிவின் மேல்முனை அதில் குந்தும். குந்தினால் மட்டும் போதாது. சில்லு ஏறும்போது சரிவைப் பின்னால் உதைக்கும், அதனால் இரண்டு போல்ற் போட்டுப் பிணைக்க வேண்டும். மேடையின் மறுமுனை கராஜ் சுவரோடு முட்டிக்கொண்டு நிற்கட்டும். வழுக்காத பட்டியைச் சில்லுப் பாதை முழுக்க ஒட்டுங்கள். ஈரமான ரயர் பிளைவூட்டில் சவர்க்காரம் மாதிரி.

மேடையின் முன்முனையில் சில்லுக்கு ஒரு கூடு: ரயரின் அகலத்தைவிடக் கொஞ்சம் அகட்டி இரண்டு 2×4 துண்டு, முன்னால் தடுக்க இன்னொன்று. நாலு மூலையிலும் வளையம் வைத்த போல்ற், தட்டைத் துளைத்துக் கீழே பெரிய வாஷரும் நட்டும். மரத்தில் திருகிவிடுகிற வளையம் இழுவைக்குக் கழன்றுவிடும். முன் பட்டிகள் இரண்டையும் ஹாண்டிலில் கட்டாமல், முன்ஃபோர்க்கைப் பிடிக்கிற கீழ்க் கவ்வியில் கட்டுங்கள். ஃபோர்க் கொஞ்சம் அமுங்கினால் சரி.

வண்டி ஏற்றுவதற்கு முதல் மூன்று பெரிய ஆட்கள் மேடையில் ஏறிக் குதித்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு இந்தக் கட்டம் நல்லாப் பிடிக்கும்.

ஏற்றும்போது எஞ்சின் ஓடக் கூடாது. ஒருவர் இடப்பக்கம், வலக்கையை முன்பிரேக் வரை எட்ட வைத்துக்கொண்டு. மற்றவர் பின்னால் தள்ளுவார். பிள்ளைகள் கராஜ் வாசலுக்கு வெளியே, வண்டி சரிந்தால் எட்டாத தூரத்தில். இதில் மட்டும் செல்லம் வேண்டாம். நாலு பட்டியும் இறுகின பிறகு "வா" என்று கூப்பிடலாம்.

பின்சில்லைக் கிளப்ப வேண்டுமென்றால் காரோடு வருகிற கத்தரிக்கோல் ஜக் போதும். அதன் தலையில் ஒரு மரத்துண்டு வைத்து, சட்டத்துக்குக் கீழே மட்டும் கொடுங்கள். எண்ணெய்த் தட்டிலும் புகைக்குழாயிலும் படக் கூடாது. சில்லு ஒரு அங்குலம் எழும்பினால் நிறுத்துங்கள்.

செயின் துடைக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டுச் சில்லைச் சுத்த விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கெதியா முடியும் என்பார்கள். துணி செயினில் மாட்டினால் அது விரலையும் சேர்த்துப் பல்சக்கரத்துக்குள் இழுக்கும். விரல் போன ஆட்கள் இருக்கிறார்கள். திறப்பைக் கழற்றிப் பொக்கற்றில் போட்டு, நியூட்ரலில் வைத்து, சில்லைக் கையால் உருட்டுங்கள். உருட்டுவதும் துடைப்பதும் ஒரே ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. பிள்ளைக்கு எண்ணெய்ப் போத்தல். நீங்கள் உருட்டி நிறுத்துங்கள், "இப்ப" என்று சொன்ன பிறகு அது இரண்டு துளி விடட்டும்.