கற்பனைக்கும் ஒரு நாள் குறிக்க வேண்டும்

1845 ஜூன் மாதக் கடைசியில் எமிலி பிராண்டியும் அவருடைய தங்கை ஆனும் யார்க் நகரத்துக்குப் போனார்கள். எமிலிக்கு 27 வயது நெருங்கிக்கொண்டிருந்தது; ஆனுக்கு 25. அந்தப் பயணம் முழுக்க இருவரும் ‘கோண்டல்’ என்ற கற்பனை நாட்டின் மனிதர்களாக மாறி, அரண்மனையிலிருந்து தப்பியோடுகிறவர்களாக நடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் தன் பிறந்தநாளையொட்டி எழுதிய குறிப்பில் எமிலியே இதைச் சொல்லியிருக்கிறார். இரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவல் வெளிவந்தது.

அந்த ஆட்டம் தொடங்கியது 1826இல். தந்தை பாட்ரிக் பிராண்டி லீட்ஸ் நகரிலிருந்து மகன் பிரான்வெல்லுக்காக 12 மரச் சிப்பாய்களை வாங்கிவந்தார். வீட்டிலிருந்த நான்கு பிள்ளைகளும் ஆளுக்கொரு சிப்பாயை எடுத்துக்கொண்டு பெயர் வைத்தார்கள். அக்கா சார்லட்டின் சிப்பாய் வெலிங்டன் ஆனான். பிரான்வெல்லின் சிப்பாய் நெப்போலியன். பொம்மைகள் உடைந்தும் தொலைந்தும் போயின, ஆட்டம் நிற்கவில்லை. அதற்குக் காரணம் பிள்ளைகளின் மேதைமை மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை. அவர்களிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. நால்வரும் அந்த உலகத்தின் பூதங்களாகத் தங்களை அமர்த்திக்கொண்டார்கள். செத்த சிப்பாயை உயிர்ப்பிக்கும் அதிகாரம் பூதங்களுக்கு உண்டு. 1829இல் பிரான்வெல் ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். பிறகு ஆசிரியர் பொறுப்பு சார்லட்டின் கைக்குப் போனது. சிப்பாய்கள் படிப்பதற்கு ஏற்ற அளவில், தீப்பெட்டி அளவிலான பக்கங்களில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் அது எழுதப்பட்டது. 4,000 சொற்களுக்கு மேல் அடங்கிய 1830ஆம் ஆண்டு இதழ் ஒன்றை 2019இல் பாரிஸ் ஏலத்தில் ஆறு லட்சம் யூரோ கொடுத்து, பிராண்டி குடும்பம் வாழ்ந்த ஹாவர்த் ஊரின் அருங்காட்சியகம் வாங்கியது. பின்னர் தங்கைகள் இருவரும் பிரிந்துபோய்க் கோண்டலை உண்டாக்கினார்கள். அக்காவும் அண்ணனும் ‘ஆங்க்ரியா’வைக் கட்டினார்கள்.

யாருக்கு எந்த நிலம், யார் முடிவு சொல்வது, யார் எழுதிவைப்பது, பிணக்கு வந்தால் எப்படிப் பிரிவது: இவை எல்லாவற்றுக்கும் அந்தப் பிள்ளைகளிடம் விடை இருந்தது. கதை எழுதுவதையும், மேசையைச் சுற்றி அமர்ந்து கதாபாத்திரங்களாக மாறி ஆடுவதையும் நாம் ‘திறமை’யின் கணக்கிலேயே வைத்துப் பேசுகிறோம். பின்னால் நின்று நாள் குறித்து, ஆள் சேர்த்து, இடம் பிடித்து, குறிப்பெடுத்துக் காப்பாற்றியவர்களின் உழைப்பு கணக்கில் வருவதேயில்லை. இந்தப் பொழுதுபோக்குகளின் வரலாற்றை ஊன்றிப் படித்தால், எந்தக் கற்பனை பிழைத்தது, எது கலைந்தது என்பதைப் பெரும்பாலும் அந்த ஏற்பாடுகளே தீர்மானித்திருப்பது தெரிகிறது.

தோற்றுப்போன ஆட்டம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் – செயின்ட் பால் இரட்டை நகரத்தில் போர் விளையாட்டுப் பிரியர்களின் குழு ஒன்று இருந்தது. 1969இல் டேவிட் வெஸ்லி அவர்களுக்காக ஓர் ஆட்டத்தை அமைத்தார். நெப்போலியன் காலத்து ஜெர்மானிய ஊர் ஒன்றை இரு படைகள் நெருங்குகின்றன. வழக்கமாகப் படைத்தலைவர்கள் இருவருக்குத்தான் வேலை. வெஸ்லி மற்றவர்களுக்கும் பாத்திரம் கொடுத்தார்: ஒருவர் நகர மேயர், ஒருவர் வங்கிக்காரர், இன்னொருவர் பல்கலைக்கழகத் தலைவர். போர் தொடங்குவதற்குள் எல்லோரும் தனித்தனியே சதி செய்யவும் பேரம் பேசவும் ஆரம்பித்துவிட்டார்கள். கட்டுப்பாடு கைநழுவியது, ஆட்டம் தோற்றுவிட்டது என்றே வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ மறுபடியும் இதையே வைக்கச் சொல்லி நச்சரித்தார்கள். 

ஆடியவர்களில் ஒருவரான டேவ் ஆர்னெசன் 1971இல் ‘பிளாக்மூர்’ என்ற கற்பனை நாட்டில் இதே பாணியைத் தொடர்ந்தார். விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனிவா என்ற சிற்றூரில் கேரி கைகாக்ஸ் இருந்தார். 1968இல் தோட்டக்கலை மண்டபத்தை 50 டாலர் வாடகைக்குப் பிடித்து, போர் விளையாட்டுப் பிரியர்களை அழைத்து ‘ஜென் கான்’ கூடுகையை நடத்தியவர். காப்பீட்டு நிறுவன வேலையை இழந்து, காலணி பழுதுபார்த்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். 1969ஆம் ஆண்டுக் கூடுகையிலேயே அவரும் ஆர்னெசனும் சந்தித்திருந்தார்கள். 1974இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மூன்று சிறு நூல்கள் அடங்கிய பெட்டியாக வெளிவந்தது. முதல் அச்சு 1,000 பிரதிகள். ஒருவர் உலகத்தை விவரிப்பார், மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள், ஐயம் வரும் இடத்தில் பகடை முடிவு சொல்லும். இன்று உலகம் முழுக்க ஆடப்படும் இந்த வடிவத்துக்கு அடித்தளம், அந்த 50 டாலர் மண்டபம்தான். வெஸ்லியின் புதுமை மினசோட்டாவிலேயே முடங்கிப்போயிருக்கக்கூடும். அதை ஊர் கடத்தியது கைகாக்ஸின் கடிதப் போக்குவரத்தும் சங்கம் கூட்டும் வேகமும்.

ஐம்பது ஆண்டுக் காகிதம்

கூடுகை ஆண்டுக்கு ஒருமுறை. மற்ற நாட்களில் ஆட்டக்காரர்களை இணைத்தது காகிதம். லாஸ் ஏஞ்சலிஸ் அறிவியல் புனைகதைச் சங்கம் 1934இல் தொடங்கியது. வியாழக்கிழமை கூட்டம் அதன் வழக்கம். அங்கே உறுப்பினர்கள் ஆளுக்குச் சில பக்கம் எழுதிக் கொண்டுவர, எல்லாவற்றையும் தொகுத்துத் தைத்து அவர்களுக்கே விநியோகிக்கும் இதழ் ஒன்று நடந்துவந்தது. நம்மூர்க் கையெழுத்துப் பத்திரிகைகளில் எழுதிப் பழகியவர்களுக்கு இதன் சுவை புரியும். 1975 வாக்கில் அந்த இதழின் பக்கங்களை இந்தப் புதிய ஆட்டத்தைப் பற்றிய பேச்சு விழுங்கத் தொடங்கவே, அதற்கெனத் தனி இதழ் வேண்டும் என்ற யோசனை வந்தது. லீ கோல்ட் என்ற பெண் பொறுப்பை ஏற்றார். ‘அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்’ என்ற அந்த மாத இதழை 2025 வரை அவரே நடத்தினார். ஐம்பது ஆண்டுகள், 600ஐ நெருங்கும் இதழ்கள்.

அதில் எழுதியவர்கள் தங்கள் ஆட்டத்தில் நடந்ததைக் கதையாக எழுதினார்கள், விதிகளைத் திருத்தினார்கள், போன இதழில் எழுதியவரோடு சண்டை போட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அடுத்த மாதமே நிச்சயமான வாசகர்கள் இருந்தார்கள், அவர்களும் எழுதுகிறவர்கள். புதிதாக எழுதுபவருக்கு இதைவிடப் பெரிய கொடை கிடையாது. ராபின் லாஸ், ஜோனதன் ட்வீட் போன்றவர்கள் அந்தப் பக்கங்களில் எழுதிப் பழகியவர்கள். பின்னாளில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பின் தலைமை வடிவமைப்பாளராக ட்வீட் இருந்தார். இந்த ஆட்டத்தின் வரலாறு கைகாக்ஸ், ஆர்னெசன் பெயர்களைச் சொல்கிற அளவுக்கு லீ கோல்ட் பெயரைச் சொல்வதில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

மேசையில் நடந்தது கதை ஆகுமா?

ஆட்டத்தையும் புனைவையும் ஒன்றாகவே நினைப்பவர்கள் உண்டு. நேற்றிரவு மேசையில் நடந்ததை அப்படியே எழுதினால் நாவல் வந்துவிடும் என்று பலர் நம்பி எழுதிப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் வருவதில்லை. மேசையில் பகடை உருளும்போது ஆடுபவரின் நெஞ்சு அடித்துக்கொள்வது, என்ன நடக்கும் என்று அங்கே யாருக்குமே தெரியாததால்தான். வாசகருக்கு அந்தப் பகடை கிடையாது. ஆசிரியர் எல்லாவற்றையும் தெரிந்தே எழுதுகிறார் என்பது வாசகருக்குத் தெரியும். ஆகவே பதற்றத்தை வேறு வழியில் உண்டாக்க வேண்டியிருக்கிறது.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. 1983இல் நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கியில் நண்பர் ஒருவர் அவருக்கு ‘சூப்பர்வேர்ல்ட்’ என்ற ஆட்டத்தைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தார். எழுத்தாளர் நண்பர்களோடு அதில் மூழ்கியதில் நெடுநாள் தன் எழுத்து வேலையே நின்றுபோனதாக அவரே சொல்லியிருக்கிறார். இவ்வளவு உழைப்பும் வீணாகக் கூடாது என்று யோசித்து, மெலிண்டா ஸ்னாட்கிராஸுடன் சேர்ந்து அதை ‘வைல்டு கார்ட்ஸ்’ என்ற கூட்டுத் தொகை நூலாக மாற்றினார். முதல் நூல் 1987இல் வந்தது. ஆட்டத்தை அவர்கள் அப்படியே நகலெடுக்கவில்லை. அத்தனை வீரர்களுக்கும் அதிசய சக்தி எங்கிருந்து வந்தது என்பதற்கு 1946இல் நியூயார்க் வானில் பரவிய வைரஸ் என்ற ஒரே காரணத்தைப் புதிதாகக் கட்டினார்கள். உரிமையையும் தெளிவாக வகுத்தார்கள்: பாத்திரம் படைத்தவருக்கே சொந்தம், வேறொருவர் அதைத் தன் கதையில் எடுத்தாண்டால் படைத்தவரின் பார்வைக்குப் போக வேண்டும். இத்தனை எழுத்தாளர்கள் இத்தனை ஆண்டுகளாக ஒரே உலகத்தில் பிணங்காமல் எழுதிவருவதற்கு இந்த ஒப்பந்தம் பெரிய காரணம்.

ஜப்பானியர்கள் வேறு வழி கண்டார்கள். ‘காம்ப்டிக்’ பத்திரிகையில் 1986 முதல், ஆடியவர்களின் பேச்சையே நாடகப் பிரதி போல எழுதி வெளியிட்டார்கள். நகைச்சுவையும் தடுமாற்றமும் அப்படியே இருக்கும். ‘ரீப்ளே’ என்று தனி வாசகர் கூட்டத்தோடு அந்த வடிவம் வளர்ந்தது. அந்த ஆட்டத்தை நடத்திய ரியோ மிசுனோ, அதே கதையை ‘லோடோஸ் தீவுப் போர்’ என்ற நாவலாக 1988இல் புதிதாக எழுதினார். மேசைக்கு ஒரு பிரதி, வாசகருக்கு இன்னொரு பிரதி. இந்தத் தெளிவு வராதவர்கள் இரண்டையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

வளர்ந்ததும் வந்த வினை

சிறு ஏற்பாடு பெருகி நிறுவனமாகும்போது என்ன ஆகிறது? 1999இல் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கிறிஸ் பேட்டியும் நண்பர்களுமாக 21 பேர், ஒரே மாதத்தில் ஆளுக்கொரு நாவல் எழுதுவது என்று இறங்கினார்கள். மறு ஆண்டு முதல் அது நவம்பர் மாதத்துக்கு மாறியது. 50,000 சொற்கள், நாளொன்றுக்கு 1,667. ‘நானோரைமோ’ என்று உலகெங்கும் பரவி, லட்சக்கணக்கானோர் எழுதும் இயக்கமாயிற்று. அதன் உயிர், ஊர்தோறும் சம்பளமில்லாமல் உழைத்த தன்னார்வலர்கள்; நூலகத்திலும் காப்பிக்கடையிலும் எழுதுகிறவர்களைக் கூட்டி உட்காரவைத்தவர்கள். 2023இல் அதன் இணையத் தளத்தில் சிறார் பாதுகாப்பு குறித்துக் கடும் புகார்கள் எழுந்தன. 2024இல் செயற்கை நுண்ணறிவைக் கண்டிக்க மறுத்து நிறுவனம் வெளியிட்ட அறிக்கையைத் தொடர்ந்து, ஆலோசனைக் குழு எழுத்தாளர்கள் சிலர் விலகினார்கள். நிதி நெருக்கடியும் சேர, 2025 மார்ச்சில் மூடுவதாக அறிவித்தது. ஒரு மாதம் கூடி எழுதுவதற்கு உண்மையில் மைய அலுவலகம் தேவையில்லை என்பது என் கருத்து. தேவைப்பட்டது அந்த ஊர்த் தன்னார்வலர்தான்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கதையும் இங்கே சேரும். 2000ஆம் ஆண்டு முதல் அதன் அடிப்படை விதிகளை எவரும் எடுத்தாண்டு சொந்தப் படைப்புகளை வெளியிட ஒரு திறந்த உரிமம் இருந்தது. 2023 ஜனவரியில் அதை இறுக்கும் வரைவு கசிந்ததும் ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். சந்தாக்களை ரத்து செய்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஆட்டத்தின் உரிமையாளரும் ஹாஸ்ப்ரோவின் துணை நிறுவனமுமான விசார்ட்ஸ் ஆப் தி கோஸ்ட் பின்வாங்கி, அடிப்படை விதித்தொகுப்பைத் திரும்பப் பெற முடியாத கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் வைத்தது. எங்கோ ஒரு வீட்டு மேசையில் பிறந்த கற்பனை, பங்குச்சந்தை நிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் ஏறிவிடக்கூடும் என்ற ஆபத்து அன்று பலருக்குப் புரிந்தது.

அழைப்பவரின் களைப்பு

சிறிய குழுக்களை அழிப்பது நிறுவனங்கள் மட்டுமல்ல, களைப்பும்தான். வளர்ந்த மனிதர்கள் ஐந்து பேரை மாதத்துக்கு இருமுறை ஒரே மேசைக்குக் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பது முயன்றவர்களுக்குத் தெரியும். ஒருவருக்கு இரவுப் பணி, ஒருவருக்குக் குழந்தைக்குக் காய்ச்சல். கதையை யோசிப்பவரே தொலைபேசியிலும் அழைக்க வேண்டும், மனத்தாங்கல்களையும் ஆற்ற வேண்டும். சில ஆண்டுகளில் அவர் ஓய்ந்துவிடுகிறார். குழுவும் அதோடு முடிகிறது.

இந்தச் சுமையைப் பிரித்துக்கொடுக்கச் சிலர் நல்ல வழிகளை யோசித்திருக்கிறார்கள். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் பரப்பிய எக்ஸ் அட்டை ஒன்று. மேசை நடுவில் எக்ஸ் எழுதிய ஓர் அட்டை இருக்கும். கதை போகிற போக்கு ஒருவரைப் புண்படுத்தினால் அட்டையைத் தொட்டால் போதும், விளக்கம் கேட்கப்படாமல் அந்தப் பகுதி விலக்கப்படும். எல்லோருடைய முகத்தையும் கவனிக்கும் பொறுப்பு இனி ஒருவருடையது மட்டும் இல்லை.

இன்னொன்று ‘வெஸ்ட் மார்ச்சஸ்’. 2007இல் பென் ராபின்ஸ் எழுதி விளக்கிய முறை. அவரிடம் பத்துப் பன்னிரண்டு ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். நிலையான நாள் கிடையாது, நிலையான குழு கிடையாது, முன்கூட்டித் திட்டமிட்ட கதையும் கிடையாது. ஓர் எல்லைப்புற ஊர். அதற்கு மேற்கே யாரும் அறியாத காடு. எப்போது கூடுவது, யார் யார் வருவது, காட்டில் எந்தப் பக்கம் போவது என்பதை ஆட்டக்காரர்களே தங்களுக்குள் பேசி முடிவுசெய்து அவருக்குச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் அழைப்பதில்லை. ஊர் மதுக்கடையின் மேசைப்பலகையில் கீறப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு வரைபடம் எல்லோருக்கும் பொது. போய்வந்தவர்கள் கண்டதைக் குறிப்பாக எழுதி மின்னஞ்சலில் மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். அந்த வாரம் வராதவர்கள் அதைப் படித்துவிட்டு, பாதி தோண்டிய புதையலைத் தாங்கள் போய் எடுக்க வேண்டும் என்று அடுத்த பயணத்துக்கு ஆள் சேர்த்தார்கள். தன்னை எழுத்தாளர் என்று ஒருபோதும் சொல்லிக்கொள்ளாதவர்கள், மற்றவர்களைக் கிளப்ப வேண்டும் என்ற ஒரே ஆசையில் சுருக்கமாகவும் சுவையாகவும் எழுதினார்கள். ராபின்ஸ் அந்த வாரத்துக்கான காட்டை மட்டும் தயார்செய்து வைத்துக்கொண்டு, அவர்கள் நாள் குறித்துச் சொல்லும்வரை காத்திருந்தார்.