கல்வெட்டு இல்லாத நன்கொடை



“எங்கள் பள்ளிக்கு நூலகம் கட்ட வேண்டும். நிதிக்கு யாரைப் பார்ப்பது?” என்று கேட்டு அடிக்கடி கடிதங்கள் வருகின்றன. எழுதுகிறவர்களில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்கள் உண்டு. அந்தப் பள்ளியில் படித்து இன்று வெளியூரில் வேலை பார்ப்பவர்களும் உண்டு. எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கே பேசிவிடலாம்.

கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் நாளிதழும் பருவ இதழும் கதைப் புத்தகமும் இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. ஊர் கூடிப் பள்ளிக்குக் கொடுப்பதும் நமக்குப் புதிதல்ல. காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1958-இல் கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் பணமாகவும் பொருளாகவும் அள்ளிக் கொடுத்தார்கள்.

இன்றைக்கும் வழிகள் இருக்கின்றன. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் செலவில் மூன்றில் ஒரு பங்கை ஊர் திரட்டிக் கொடுத்தால், மீதியை அரசு போடும். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அந்தப் பட்டியலில் உண்டு. நிறுவனங்களும் தனிநபர்களும் அரசுப் பள்ளிக்குக் கொடுப்பதற்கென்றே 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் தொடங்கப்பட்டது.

எங்கே போனாலும் வெறுங்கையோடு போகாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம், பொறியாளர் போட்டுக் கொடுத்த மதிப்பீடு, இடம் பள்ளிக்குரியது என்பதற்கான ஆவணம் ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். அந்தக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர்கள் என்பதால், அதன் தீர்மானத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

இனி மனுவில் என்ன எழுதுவது என்பதற்கு வருவோம். ‘நூலகக் கட்டடம் தேவை’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை பிள்ளைகள், எந்தெந்த வகுப்புக்கு வாரத்தில் எந்தப் பாடவேளை நூலகத்துக்கு, பள்ளி விட்ட பிறகு எவ்வளவு நேரம் திறந்திருக்கும், யார் பொறுப்பு என்று எழுதுங்கள். பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் நூலகர் என்று தனியாக ஒருவர் கிடையாது. ஓர் ஆசிரியர்தான் தம் வேலையோடு இதையும் பார்க்க வேண்டும். அவருக்கு உதவ யார் வருவார்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

இன்னொன்று, பலரும் வாய்விட்டுச் சொல்லாதது. நல்ல புத்தகங்கள் இப்போதே பல பள்ளிகளில் இருக்கின்றன. தலைமையாசிரியர் அறையில் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு புத்தகம் தொலைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தானே! பிள்ளைகள் எடுத்துப் படித்தால் புத்தகம் கிழியும், சில காணாமலும் போகும். அதைக் குழுவில் வைத்துப் பேசி, பழுதான புத்தகங்களைக் கணக்கிலிருந்து நீக்கும் முறையைக் கல்வி அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம் தீராவிட்டால், புதுக் கட்டடமும் ஒரு பெரிய பீரோவாகத்தான் நிற்கும்.

கடைசியாக, புத்தகச் செலவு. நம் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் ஐந்தாவது, நூலகத்தை வளர்ந்துகொண்டே இருக்கும் உயிராகப் பார்க்கிறது. வளர வேண்டுமென்றால் ஆண்டுதோறும் புதுப் புத்தகம் வர வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளியின் நிலைக்கேற்ப ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. 2024-25-இல் அந்தத் திட்டத்துக்கான மத்திய அரசின் பணம் தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றதை எல்லோரும் பார்த்தோம்.

கட்டடம் கட்டிக் கொடுத்தால் வாசலில் கல்வெட்டில் பெயர் வரும். அதனால் கொடுப்பதற்கு ஆள் கிடைப்பார்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் புத்தகம் வாங்கிக் கொடுப்பவருக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. ஆனால் நூலகத்தை நூலகமாக வைத்திருப்பது அந்தப் பணம்தான்.

எனவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டடத்துக்கு அரசும் நிறுவனங்களும் கொடுக்கட்டும். நீங்கள் படித்த பள்ளிக்கு ஆண்டுதோறும் புத்தகம் வாங்கித் தரும் பொறுப்பை, நண்பர்கள் சிலர் சேர்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள். என்ன வாங்குவது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என்று வாசிப்பு நிலைப்படி பிரித்திருப்பதுபோல, எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் நீங்கள் வாங்குவதில் இடம் இருக்கட்டும். இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள். தொடங்கியதும் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்