ஒரு வீட்டுக்கு ரெண்டு அடுப்பு எதுக்கு?

அன்புள்ள மாணவச் செல்வங்களே, சொந்தபந்தங்களே,

ரூபி ஆன் ரெயில்ஸில் புது வேலை தொடங்கும் நம்ம பிள்ளைகள் பலர், "சார், திரை முழுக்க ரியாக்ட்; ரெயில்ஸ் வெறும் ஏபிஐ" என்கிறார்கள். அதாவது, பக்கத்தை வரையும் வேலை உலாவியில். சர்வர் தகவலை மட்டும் எடுத்துக் கொடுக்கும். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மக்களே, அந்தப் பக்கத்தில் ஆள் எவ்வளவு நேரம் இருப்பார்?

2010இல் கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்டெஸ்க், ரெயில்ஸில் எழுந்ததுதான். ஃபிரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கே போனது. அதுபோன்ற மென்பொருளில் புகார் கவனிப்பவர் காலை முதல் மாலை வரை ஒரே திரையில் இருப்பார். ஒவ்வொரு புகாருக்கும் பக்கம் முழுசாகத் திரும்ப வந்தால் வேலை ஓடாது. காலையில் ஒரு தடவை கனமான ஜாவாஸ்கிரிப்ட் இறங்கினாலும் நாள் முழுக்க லாபம். அங்கே அது நியாயம்.

ஆனால் கொட்டாரத்தில் ஒரு பாட்டி, முதியோர் உதவித்தொகைக்குப் பேரனின் பழைய போனில் விண்ணப்பிக்கிறாள் என்று வையுங்கள். முதலில் வெறும் பக்கம் வரும், பிறகு ஜாவாஸ்கிரிப்ட், பிறகு தகவல். மூன்றும் வந்த பிறகுதான் பெயர் எழுதக் கட்டமே தெரியும். நடுவில் சிக்னல் போனால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பாட்டி தன்மேல்தான் தப்பு என்று நினைத்துப் போனை வைத்துவிடுவாள். பணம் கிடைக்காமல் போவது அவளுக்கு, நமக்கல்ல.

செய்பவர்களுக்கும் பாடுதான். 2016இல் வந்த ரெயில்ஸ் 5, ஏபிஐ மட்டும் தரும் செயலியை ஒரே கட்டளையில் அமைத்துத் தரும். ஆனால் அதில் குக்கி, செஷன் இருக்காது. லாகின் முறையைப் புதிதாக யோசிக்க வேண்டும். திரை வேறு முகவரியில் இருந்தால் அதற்குத் தனி அனுமதி. போன் எண்ணுக்குப் பத்து இலக்கம் என்ற சோதனையை ரெண்டு இடத்தில் எழுத வேண்டும். ஒரே வீட்டில் ரெண்டு அடுப்பு.

2021 டிசம்பரில் வந்த ரெயில்ஸ் 7, ஹாட்வயரை இயல்பாகவே சேர்த்துத் தருகிறது. சர்வரே பக்கத்தின் ஒரு துண்டைத் தயாராக அனுப்பும். அந்த இடம் மட்டும் மாறும். நம்ம ஊர்த் தேவைகளில் பெரும்பாலானவற்றுக்கு இது தாராளம்.

கனமான திரைதான் வேண்டும் என்றால், லாகினை முதலில் முடியுங்கள். திரையில் என்ன சோதனை வைத்தாலும், சர்வரில் உள்ளதை எடுக்காதீர்கள். பாதி நிரப்பிய படிவத்தைப் போனிலேயே சேமித்து வையுங்கள். பிறகு மலிவான ஒரு போனோடு நாகர்கோவில்–கன்னியாகுமரி பஸ்ஸில் ஏறி, ஓட்டிப் பாருங்கள்.

மாற்றுக்கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். கேள்வி கேட்டதற்காக யாரையும் நான் வகுப்புக்கு வெளியே நிறுத்தியதில்லையே!

அன்புடன்,
உங்கள் கணினி சார், கொட்டாரம்