பெரிய மரங்களைக் கயிறு கட்டி இறக்குவதை ஏல நிபந்தனையாக்கக் கோரும் மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர்கள், சேலம் மற்றும் நாமக்கல் மாவட்டங்கள்.

அனுப்புநர்:
மரம் ஏறும், மரம் அறுக்கும் தொழிலாளர் சங்கத்தினர்.



சாலை விரிவாக்கத்துக்காகவும் மின்கம்பிக்கு இடையூறு என்றும் நம் சமவெளியில் முதிர்ந்த புளி, வேம்பு, தூங்குமூஞ்சி மரங்கள் ஏலத்தில் விடப்படுகின்றன. ஏலத்தில் பேசப்படுவது மரத்தின் விலை மட்டுமே. அதைப் பத்திரமாக இறக்கும் செலவு பெரும்பாலும் தனியே கணக்கில் வருவதில்லை. ஆகவே கயிற்றிலும் கப்பியிலும் ஆள்கூலியிலும் யார் மிச்சம் பிடிக்கிறாரோ அவரால்தான் அதிக விலை கேட்க முடிகிறது. விபத்துக்குத் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. அதன் வேர் இந்த ஏல முறையில் இருக்கிறது என்பதே எங்கள் வாதம்.

அரை மீட்டர் விட்டமும் இரண்டு மீட்டர் நீளமும் உள்ள பச்சைப் புளியந்துண்டைக் கனமீட்டருக்கு ஒரு டன் என்று கணக்கிட்டால், அதன் எடை ஏறத்தாழ 400 கிலோ. கப்பியில் மாட்டி மெதுவாக இறக்கும்போதே, கயிறு இருபுறமும் இழுப்பதால் கப்பியைத் தாங்கும் கவட்டைக்கு ஏறக்குறைய 800 கிலோ பாரம் வருகிறது. கயிறு ஒரு மீட்டர் தொய்ந்திருந்து துண்டு விழுந்து நின்றால், அது பல மடங்காகும். அதனால்தான் கப்பி, அறுபடும் கிளைக்கு மேலே, நோயற்ற கவட்டையில் இருக்க வேண்டும், தொய்வு கூடாது. கீழே இருப்பவர் வெறுங்கையால் பிடிக்காமல், அடிமரத்தில் கயிற்றைச் சுற்றி அந்த உராய்வில் பாரத்தை விட வேண்டும். கிளையின் அடிப்புறத்தை முதலில் கொஞ்சம் அறுத்த பிறகே மேலிருந்து அறுக்க வேண்டும். இல்லையேல் பட்டை உரிந்து, கிளை பிளந்து ஆள்மேல் திரும்பும். ஆளைத் தாங்கும் கயிறும் பாரம் இறக்கும் கயிறும் ஒன்றாக இருக்கவே கூடாது.

தலைமுறை அனுபவம் போதாதா என்று கேட்கப்படலாம். அந்த அனுபவத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் வெயிலில் இற்றுப்போன நைலான் கயிறு எவ்வளவு தாங்கும் என்பதைக் கண்ணால் அளக்க முடியாது. பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆளைத் தூக்கும் சாதனங்களை 6 மாதத்துக்கு ஒருமுறை தகுதியானவர் சோதிக்க வேண்டும். மரம் ஏறிச் செய்யும் வேலைக்கும் அது பொருந்தும். கிரேன் போதும் என்பாரும் உண்டு. குறுகலான தெருவிலும் மின்கம்பிக்கு நடுவிலும் கிரேன் நுழையாது. நுழைந்தாலும் பாரத்தைக் கட்ட ஒருவர் ஏறத்தான் வேண்டும். நாங்கள் கேட்கும் நிபந்தனையால் ஏலத் தொகை குறையும் என்பது உண்மைதான். ஆனால் கயிறு கட்டி இறக்கும் முறை தெரிந்தால் ஆபத்தான கிளையை மட்டும் எடுத்து மரத்தைக் காக்கலாம். இன்று அது தெரியாததாலேயே பல மரங்கள் தூரோடு சாய்க்கப்படுகின்றன.

எனவே, ஏல நிபந்தனையில் இறக்கும் வேலைக்குத் தனித் தொகை ஒதுக்கவும், ஐ.எஸ். 3521 தரமுள்ள முழு உடல் பாதுகாப்புப் பட்டையைக் கட்டாயமாக்கவும், மின்வாரியம் எழுத்து மூலம் மின்தடையை உறுதி செய்யும் வரை ஆள் ஏறுவதைத் தடுக்கவும் ஆணையிட வேண்டுகிறோம். சேலத்திலும் நாமக்கல்லிலும் எங்களுக்கு முறையான பயிற்சி அளித்துச் சான்று வழங்க வேண்டும். பயிற்சி நாள்களுக்குக் கூலியும் வேண்டும். அன்றாடக் கூலியில் வாழ்பவர் அதில்லாமல் வர இயலாது. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இவற்றை நடைமுறைப்படுத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள் மற்றும் உறுப்பினர்கள்