இரண்டாம் படி எங்கே?

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, இயற்பியல்)

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது முன்னோர் மொழி. விழுப்புரம் மாவட்டத்தாருக்கு இது வெறும் பழமொழி அன்று. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்து வந்த நாட்களில் தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. அரிசியை மீண்டும் வாங்கலாம், அடுப்பையும் வாங்கலாம். நீரில் மூழ்கிய கைப்பேசியில் இருந்த தாத்தாவின் குரலை எந்தக் கடையில் வாங்குவது?

நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். நிலப்பத்திரத்தைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டத் தெரிந்த நம் பெற்றோர்க்கு, கணினியில் இருக்கும் செல்வத்தை எங்கே பூட்டுவது என்று சொல்லித்தர இயலாது. அதை நாம்தான் கற்று வீட்டுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? செய்முறைக் குறிப்பு, சான்றிதழ்களின் நகல், குடும்பப் புகைப்படம் அத்தனையையும் ஒரே கைப்பேசியில் அடைத்துவிட்டு நிம்மதியாக உறங்குகிறோம்.

“காசுக்கு எங்கே போவது?” என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை பலர் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ பெற்ற கணினி, இன்று திரையோ மின்கலமோ பழுதாகிக் கிடக்கலாம். திரை போனால் வன்தட்டும் போயிற்று என்று பொருள் அன்று. அதைக் கழற்றி, ‘ஹார்ட் டிஸ்க் கேஸ்’ என்று கடைக்காரர்கள் கூறும் சிறு உறைக்குள் பொருத்தினால், யு.எஸ்.பி. கம்பி வழியே எந்தக் கணினியிலும் இணைக்கலாம். புதிதாக விற்கும் வெளி வன்தட்டுகள் பலவற்றின் உள்ளே இருப்பதும் இதே இனம்தான்!

சில எச்சரிக்கைகள் தேவை. மடிக்கணினியின் 2.5 அங்குல வன்தட்டுக்கு யு.எஸ்.பி. தரும் 5 வோல்ட் போதும். மேசைக் கணினியின் 3.5 அங்குல வன்தட்டுக்கு 12 வோல்ட்டும் வேண்டும். அதற்குத் தனி அடாப்டர் உள்ள உறையே வாங்க வேண்டும். பழைய தட்டில் லினக்ஸ் பகுதி இருந்தால், விண்டோஸ் அதைப் படிக்க இயலாமல் “ஃபார்மட் செய்யட்டுமா?” என்று கேட்கும். அவசரப்பட்டு ஆம் என்றால், அண்ணன் சேர்த்து வைத்தவை கைவிட்டுப் போகும். உள்ளே சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் இடையே உள்ள வெளி தலைமுடியின் பருமனைவிடப் பன்மடங்கு சிறிது. ஆகவே ஓடும்போது தட்டவோ தூக்கவோ கூடாது. கணினியில் ‘எஜெக்ட்’ கொடுத்த பிறகே கம்பியைப் பிடுங்க வேண்டும். ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ போன்ற இலவச மென்பொருளால் தட்டின் நலத்தை முதலில் சோதிப்பதும் நலம்.

இங்கேதான் என் கருத்தின் மையம் இருக்கிறது. பழைய வன்தட்டு முதுமை எய்திய காவலாளி. அவரை மட்டும் நம்பி வீட்டை விடலாகாது. கைப்பேசி நிறைந்துவிட்டதென்று படங்களை வன்தட்டுக்கு மாற்றிவிட்டு, கைப்பேசியில் அழித்துவிடுகிறார்கள் சிலர். அது காப்பு அன்று, இடமாற்றம். ஒன்று இரண்டானால்தான் காப்பு. மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒரு படி வேற்றிடத்தில் என்பது கணினித் துறையினர் கூறும் நெறி.

இது நமக்குப் புதிதா? ஏடு சிதையுமுன் புதிய ஓலையில் படியெடுத்த மரபு நம்முடையது. உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்ததற்குக் காரணம், அதன் ஏடுகள் பல இடங்களில் இருந்தமைதான். மாறாக, 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறு படி இருந்த நூல்களை மீண்டும் வாங்க முடிந்தது. வேறெங்கும் படியில்லாத சுவடிகள் போனவை போனவைதாம்.

எனவே மாணவத் தோழர்களே, ஒரு வேண்டுகோள். விழுப்புரத்து நண்பனின் வன்தட்டு திண்டிவனத்துத் தோழனின் வீட்டிலும், திண்டிவனத்தானது விழுப்புரத்திலும் இருக்கட்டும். கடவுச்சொல்லிட்டுப் பூட்டிக் கொடுத்தால் அந்தரங்கமும் காக்கப்படும். மாதம் ஒருமுறை புதியவற்றைச் சேர்த்துத் திறந்து பார்த்தால் போதும். துறைதோறும் மாணவர் செயல்திட்டங்களுக்கு இவ்வாறு ஒரு படி வைக்கப் பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால், நமக்குப் பின் வருவோர்க்கும் அது பயன்படும்.

பட்டம் பெறுவதில் நம் குடும்பத்துக்கு நாம் முதல்வர். சேர்த்ததைக் காப்பதிலும் நாமே முதல்வராவோம். அடுத்த மழை நமக்காகக் காத்திராது!